எளிய மெட்டு இளப்பமா?

பியானோ மேல்நாட்டு வாத்தியம். அதில் 88 கட்டைகள். ஒரு கட்டையை அழுத்தினால், உள்ளே ஒரு சிறு சுத்தியல் எழும்பித் தந்தியைத் தட்டும். மெல்ல அழுத்தினால் மெல்லிய நாதம். ஓங்கி அழுத்தினால் பெரிய நாதம்.

இந்த வாத்தியத்தின் பெரிய உருப்படிகளை வாசிக்கப் பல ஆண்டு சாதகம் வேண்டும். ஏழு வயதுக் குழந்தை வாசிக்கும் உருப்படிகளும் உண்டு. “அவை வெறும் சிறுபிள்ளைப் பாடம்” என்று சிலர் ஒதுக்குகிறார்கள்.

அது சரியல்ல.

ஜெர்மனியில், லைப்சிக் நகரில் வாழ்ந்தவர் இசை மேதை பாக். அவர் மனைவி அன்னா மக்டலேனா, அரசவைப் பாடகியாக இருந்தவர். 1725-ல் அந்த அம்மையாருக்காக ஒரு நோட்டுப் புத்தகம் போட்டார்கள். வீட்டில் வாசிக்கப் பிடித்த மெட்டுகளை அதில் எழுதி வைத்தார்கள். மகனின் கையெழுத்துகூட அதில் இருக்கிறது! (அன்று அவர்கள் வாசித்தது பியானோவுக்கு முந்திய வாத்தியங்களில்.)

அந்த நோட்டில் ஒரு ‘மினுவெட்’ உண்டு. சின்ன நடன மெட்டு. பியானோ பழகும் குழந்தைகளில் அதை வாசிக்காதவர் குறைவு. மேலே பெயர் எழுதவில்லை. அதனால் பாக் இயற்றியது என்றே நெடுங்காலம் நம்பினார்கள். 1970-களில் உண்மை தெரிந்தது. அதை இயற்றியவர் டிரெஸ்டன் நகரத்துப் பெட்சோல்ட்!

பெரிய பெயர் போயிற்று. மெட்டின் இனிமை போயிற்றா? இல்லை. மேதையின் வீட்டிலேயே, வேறொருவரின் எளிய மெட்டை ஆசையாக எழுதி வைத்திருக்கிறார்கள். அதுதான் கவனிக்க வேண்டியது.

ஷூமன் என்பவர் கதையும் அப்படித்தான். வித்வான்களையே திணற வைக்கும் உருப்படிகளை எழுதியவர் அவர். மனைவி கிளாரா, ஐரோப்பா எங்கும் புகழ் பெற்ற பியானோ கலைஞர். 1848-ல் மூத்த மகள் மேரிக்கு ஏழாவது பிறந்த நாள் வந்தது. தந்தை சில சிறு மெட்டுகளைப் பரிசாக எழுதினார். அவை வளர்ந்து 43 உருப்படிகள் கொண்ட புத்தகம் ஆயின.

அதில் ஒன்று, வேலை முடிந்து வீடு திரும்பும் உழவனின் பாட்டு. வழக்கமாக வலக்கைதான் மெட்டை வாசிக்கும். இதிலோ இடக்கை பாடும். வலக்கை பின்பாட்டுப் போடும்! குழந்தைக்கு விளையாட்டு, பெரியவருக்கு விருந்து.

இன்று கைப்பேசியைத் தொட்டால் உலக மேதைகளின் வாசிப்பைக் கேட்கலாம். நல்லதுதான். ஆனால் அதைக் கேட்டுவிட்டு, “நீ எப்போது இப்படி வாசிப்பாய்?” என்று பிள்ளையை விரட்டும் பெற்றோர் இருக்கிறார்கள். ஒரு பரீட்சை முடிந்தால் அடுத்த பரீட்சை. பழைய மெட்டுக்கு நேரமில்லை. கடைசிப் பரீட்சை முடிந்ததும் பியானோவின் மூடி விழுகிறது. பிறகு திறப்பதில்லை. இத்தனை ஆண்டு உழைப்பும் வீண்!

பிள்ளை பியானோ பழகும் வீட்டில், பெற்றோர் வாரம் ஒரு நாள் பாடத்தை ஒதுக்கி வைக்கட்டும். பிடித்த மெட்டு எது என்று பிள்ளையையே கேட்கட்டும். போன வருஷத்துப் பாட்டாக இருந்தால் என்ன? பாட்டியும் தம்பி தங்கைகளும் சுற்றி உட்கார்ந்து கேட்கட்டும். தப்பு வந்தால், ஆசிரியர் நாளைக்குத் திருத்திக்கொள்வார்.