உலை வைக்குமுன் ஏடு எடுங்கள்!

ஆண்டுக்கொரு முறை சட்டமன்றத்திலே வரவு செலவுத் திட்டம் படிக்கப்படுகிறது. பாராட்டுவோர் பாராட்டுகின்றனர், தாக்குவோர் தாக்குகின்றனர். கள்ளிக்குப்பத்து வீடுகளிலே மாதந்தோறும் தாய்மார்கள் போடும் திட்டத்தைப் பற்றிப் பேசுவார் உண்டா? பேசுகிறோம் நாம்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையிலே உழைத்துப் பெற்ற சம்பளம் மாலையில் வீடு வருகிறது. மறுநாள் காலை மளிகைக் கடைக்குப் போகிறது. பழைய பாக்கி தீர்ந்தது. அன்றே புதிய பாக்கி பிறந்தது! இது ஊதாரித்தனமா? அல்ல. சம்பளம் வந்த பிறகு கணக்குப் பார்ப்பதால் வரும் கேடு.

வருமானம் 20,000 ரூபாய் என்று கொள்வோம். ஒன்றிய அரசு 2022-23இல் எடுத்த கணக்கெடுப்பின்படி, நகர்ப்புறத்திலே நூறு ரூபாய் செலவில் உணவுக்குப் போவது சுமார் 39 ரூபாய். அந்த அளவிலே இந்த வீட்டுக்கு 7,800. முதல் வேலை ரேஷன் கடை. 1967இல் அண்ணா ஆட்சி சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி வழங்கிற்று. 2008இல் கிலோ ஒரு ரூபாய். 2011 முதல் விலையில்லா அரிசி. பருப்பும் பாமாயிலும் வெளிச்சந்தையைவிட மலிவு. இது பிச்சையல்ல, உரிமை! அதை வாங்கிய பிறகே மளிகைப் பட்டியல்.

ரேஷன் சாமானும் சேர்த்து மாதச் சரக்குக்கு 3,000. பாலுக்கும் முட்டைக்கும் 2,000. காய்கறி, மீனுக்கு வாரம் 500 வீதம் 2,000. விருந்துக்கும் விலையேற்றத்துக்கும் 800. ஐம்பது கிராம், நூறு கிராம் எனத் தினமும் வாங்காதீர். சில்லறைப் பொட்டலம் சேமிப்புப் போலத் தோன்றும், மாதக் கடைசியில் சுரண்டியது தெரியும்.

இவ்வளவும் செய்தும் துண்டு விழுகிறதா? அங்கேதான் கவனம் வேண்டும்! வாடகையைக் குறைக்க முடியாது, பேருந்துக் கட்டணத்தைக் குறைக்க முடியாது. எனவே குறைவது குழந்தையின் பால், அதற்கும் முன்னே குறைவது தாயின் தட்டு. அந்த இரண்டு வரியிலே மட்டும் கோடு கிழிக்காதீர் என்று மன்றாடுகிறோம்.

வருமானம் குறையக் குறைய, அதில் உணவு விழுங்கும் பங்கு கூடும் என்று 1857இலேயே கணக்கிட்டுச் சொன்னார் எர்ன்ஸ்ட் ஏங்கல் என்னும் ஜெர்மானியர். நாம் சொன்ன 39 ரூபாயோ மாளிகையையும் குடிசையையும் கூட்டி வகுத்த சராசரி! எனவே உங்கள் ஏட்டிலே 50 என்று வந்தால், அது இல்லத்தரசியின் குற்றமல்ல, கூலியின் குறை.

சிக்கனம் பேசும் சீமான்கள் அந்த ஏட்டைப் படிக்கட்டும். கூலி கேட்கும் தோழனோ அதைக் கையிலே ஏந்திச் செல்லட்டும். வெறுங்கையோடு கேட்டால் முணுமுணுப்பு என்பார்கள்; கணக்கோடு கேட்டால் பதில் சொல்லித்தான் தீரவேண்டும்.

எழுதுங்கள் தாய்மார்களே, இந்த மாதமே எழுதுங்கள்!