வருகிறேன் என்றவர் ஏன் வரவில்லை?

"நாளைக்குக் காலையில் வந்துடறேன், அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போகிறார் வேலை கேட்டு வந்த தம்பி. மறுநாள் கடை திறந்து முதல் போணியும் ஆகிவிடுகிறது. ஆளைக் காணோம். போன் போட்டால் எடுப்பதில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பில்லை என்று நாம் குறைப்பட்டுக் கொள்கிறோம். நானும் அப்படித்தான் சொல்லி வந்தேன்.

என் மண்டிக்குக் கணக்கு எழுத ஆள் தேடியபோது ஐந்து பேர் வந்தார்கள். மூவர் அதன்பின் தலைகாட்டவில்லை. அவர்களில் ஒருவர் பிறகு வேறொரு கடைக்காக என்னிடமே சரக்கு எடுக்க வந்தார். காரணம் கேட்டேன். "சம்பளம் பார்த்துச் செய்யலாம்னீங்க. ராத்திரி எத்தனை மணிக்குப் போகலாம்னா, வேலை முடிஞ்சாப் போகலாம்னீங்க. வேண்டாம்னு நேரே சொல்லக் கூச்சமா இருந்துச்சு, அண்ணாச்சி" என்றார். எனக்குச் சுருக்கென்றது. எனக்குப் பிடிக்காத நாலாவது ஆளிடம் "சொல்லி அனுப்புகிறேன்" என்று சொன்னவன் நான். இன்றுவரை சொல்லி அனுப்பவில்லை. பேசாமல் இருந்ததில் நானும் கூட்டாளிதான்.

1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், வாரம் ஒரு நாள் விடுமுறை என்கிறது. 2021இல் வந்த திருத்தம் பணியாளர் உட்கார இருக்கை வேண்டும் என்கிறது. இதையெல்லாம் முதல் நாளே வாய்விட்டுச் சொன்னால், வருகிறவர் தெளிந்து வருவார். வராதவரும் சொல்லிவிட்டுப் போவார். சரக்குக்கு விலை எழுதி வைக்கும் நாம் வேலைக்கு விலை சொல்லத் தயங்கலாமா?

இப்படிச் சத்தமில்லாமல் நின்று போவது இளைஞர்களிடம் மட்டும் உள்ள பழக்கமல்ல. 2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. வந்தபோது கம்ப்யூட்டர் கணக்கைக் கற்றே தீருவது என்று புத்தகமும் நோட்டும் வாங்கினேன். பத்து நாள் படித்தேன். தீபாவளி வியாபாரம் சூடு பிடித்தது. நோட்டு பரணுக்குப் போனது. ஏன் நிறுத்தினாய் என்று கேட்க ஆளில்லை.

2025 செப்டம்பர் 22இல் நெய்க்கு வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகவும், பிஸ்கட்டுக்கு 18இலிருந்து 5 ஆகவும் குறைந்தபோது மறுபடி தொடங்கினேன். இந்த முறை முழுப் புத்தகம் என்று மலைக்கவில்லை. கடை திறக்குமுன் அரை மணி. ஒரே ஒரு பில்லை நானே போடுவது. வேலையில் நிலைத்த அந்த ஐந்தாவது தம்பி, "இன்னைக்கு எந்த பில் போட்டீங்க, அண்ணாச்சி?" என்று தினமும் கேட்கிறார். அவர் அஞ்சல் வழியில் பி.காம். படிக்கிறார். "எந்தப் பாடம், தம்பி?" என்று நானும் கேட்கிறேன். இருவர் படிப்பும் நிற்காமல் ஓடுகிறது.

ஆகவே, சம்பளம், நேரம், விடுமுறை மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். வேண்டாதவருக்கும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். வேலைக்கு இருப்பவர் படிக்கிறாரா என்று விசாரியுங்கள். கைக்காசு செலவில்லாத காரியம் இது.