கல்வராயன் மலைக்குக் கரண்ட் குக்கர் வேண்டும்

'விறகடுப்பு ருசி' என்ற சொல்லைத் தூக்கிப் போட்டுவிட்டுத்தான் இனிமேல் சமையலைப் பற்றிப் பேச முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது. சனி, ஞாயிறில் கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து மலை ஏறுகிற பைக்குகளைப் பாருங்கள். பாதிப் பேரிடம் கேமரா இருக்கும். மேகம் அருவியில் குளியல், பிறகு வெள்ளிமலைப் பக்கம் ஏதாவது ஒரு வீட்டில் சொல்லிவைத்த நாட்டுக்கோழி. மண்சட்டியில் குழம்பு கொதிக்கிறதை அரை மணி நேரம் படம் பிடிப்பார்கள். ஊதுகுழலோடு குனிந்து கண்ணைத் துடைத்துக்கொள்கிற அக்காவும் அதில் வருவார். பின்னணியில் புல்லாங்குழல்.

நம் எழுத்தாளர்களும் சளைத்தவர்கள் இல்லை. அம்மாவின் அடுப்படியைப் பற்றி ஒரு கட்டுரையாவது எழுதாதவர் யார்? அந்தப் புகையை மூக்கால் நினைவுகூர்கிறவர்கள் அநேகமாக ஆண்கள். திண்ணையில் உட்கார்ந்து 'வெந்துடுச்சா' என்று கேட்டவர்கள்.

ருசிக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். சட்டியை மூடி வேகவைத்தால் விறகுப் புகை குழம்புக்குள் பெரிதாக இறங்காது. அது சமைக்கிறவளின் நெஞ்சுக்குள்தான் இறங்கும். நாம் புகழ்கிற ருசி கோழியிலிருந்து வருகிறது. பிராய்லர் ஆறு வாரத்தில் இரண்டு கிலோ ஏறி, ஓடியாடாமலே வெட்டுக்குப் போகிற குஞ்சு. மலையில் மேய்ந்த கோழி ஒன்றரைக் கிலோ வர ஐந்தாறு மாதமாவது ஆகும். முட்டையிட்டு ஓய்ந்த கோழி என்றால் வருஷக்கணக்கு. வயசு ஏற ஏற தசையைப் பிடித்திருக்கிற கொலாஜன் முறுக்கேறும். அது கரைந்து பசையாகக் குழம்பில் கலக்கும்போதுதான் நாம் 'ஆஹா' என்கிறோம். அதைக் கரைக்கச் சூடும் நேரமும் போதும். அந்தச் சூடு வேப்பங்கட்டையிலிருந்து வந்ததா கம்பியிலிருந்து வந்ததா என்று கோழிக்குத் தெரியாது.

இதில் மலைக்கென்று ஒரு சிக்கல் உண்டு. சின்னக் கல்வராயனே சராசரி 2,700 அடி உயரம். அங்கே தண்ணீர் 97 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். அதற்கு மேல் எத்தனை கட்டை திணித்தாலும் திறந்த சட்டியில் சூடு ஏறாது, தண்ணீர்தான் ஆவியாகும். கிழக்கோழி ரெண்டு மூணு மணி நேரம் இழுப்பது இதனாலும்தான். கரண்ட் பிரஷர் குக்கருக்குள் சூடு மலையிலும் 115 டிகிரியை ஒட்டி ஏறும். கள்ளக்குறிச்சி டவுனில் இருக்கிறவர்களைவிட இந்த எந்திரம் மலைக்காரர்களுக்குத்தான் அதிகம் தேவை. 1679இல் தெனி பப்பேன் என்ற பிரெஞ்சுக்காரர் முதல் அழுத்தப் பானையைச் செய்ததே எலும்பை மெத்தென்று ஆக்கத்தான். கெட்டிக் கறிக்கென்றே பிறந்த பாத்திரத்தைப் போய் பிராய்லர் தின்கிற ஃபிளாட்டுகளில் அடைத்து வைத்திருக்கிறோம்.

எந்திரத்தின் மீதும் எனக்குப் புகார் உண்டு. 2010இல் கனடாவிலிருந்து வந்த இன்ஸ்டன்ட் பாட்டும், அதைப் பார்த்து இங்கே வந்த மற்றவையும் நம் கோழியைப் பார்த்ததே இல்லை. முழுக்கோழிக்கு 25 நிமிஷம் என்று சமையல் குறிப்பில் போட்டிருந்தால் அது பிராய்லருக்கு. நாட்டுக்கோழியை அப்படி வைத்துத் திறந்தால் ரப்பர் செருப்பு. முக்கால் மணி நேரம் வைக்கணும், ஆவி தானாக அடங்கும்வரை மூடியைத் தொடக்கூடாது. இன்னொன்று, உள்ளே எதுவும் சிவக்காது. தோல் வெளுத்துக் கிடக்கும். அதனால் மஞ்சள் தடவி நெருப்பில் வாட்டுகிற வேலையை விடவே கூடாது. புகைமணம் உண்மையாகவே கறியில் ஏறுகிற இடம் அது ஒன்றுதான், அதற்கு ஐந்து நிமிஷம் போதும். வெங்காயமும் மசாலாவும் குக்கரிலேயே வதக்கிக்கலாம். கடைசியில் மூடியைத் திறந்து சுண்ட வைக்கணும். இதையெல்லாம் செய்தும் ருசி இல்லை என்கிறவரோடு கண்ணைக் கட்டிப் பந்தயம் வைக்க நான் தயார்.

ருசிக்காக மட்டும் இவ்வளவு கத்தவில்லை. வீட்டுக்குள் எரிகிற விறகு, சாணி, கரி இவற்றின் புகையால் 2020இல் மட்டும் உலகத்தில் சுமார் 32 லட்சம் பேர் செத்தார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இருமல் வீடியோவில் வெட்டப்பட்டுவிடும்.

'அவங்க பண்பாடு அழிஞ்சுடாதா?' என்பார்கள். இந்த மலையில் இருக்கிற மலையாளிப் பழங்குடிகள் (கேரளத்தவர் இல்லை, மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில்) நாடு சுதந்திரமடைந்த பிறகும் 1976 வரை ஜாகிர்தார்களின் கீழ் இருந்தவர்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தபோதுதான் பலருக்கு இப்படி ஒரு மலை இருப்பதே தெரிந்தது. அப்போதும் சாராயம் காய்ச்சுகிற இடமாகத்தான் தெரிந்தது. பின்னுக்குப் பிடித்துவைக்கப்பட்டவர்களைப் பார்த்து 'அப்படியே இருங்க, அழகா இருக்கு' என்று சொல்வதற்குப் பெயர் ரசனை இல்லை.

2011இல் அரசு மிக்ஸியும் கிரைண்டரும் கொடுக்க ஆரம்பித்தபோதும் இதே பாட்டுதான். அம்மிச் சட்னி போச்சே, ஆட்டுக்கல் மாவு போச்சே என்றார்கள். போகட்டுமே. அம்மி இழுத்த தோள்பட்டைகள் யாரும் அழுததாக நான் கேள்விப்படவில்லை.

கரண்டுக்கு எங்கே போவது? ஒரு கோழி வேக அரை யூனிட் ஆகாது. வீடுகளுக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் 2016இல் இலவசமானது. காத்து மழையில் மின்சாரம் நின்றுபோகும் என்றால் கம்பியைச் சரிபண்ணச் சொல்லிச் சண்டை போடுவோம். குக்கர் விலை பல ஆயிரம், அதுதான் நிஜமான தடை. மிக்ஸி கொடுத்த மாதிரி அரசு இதையும் கொடுக்கணும், மலைத் தாலுகாவிலிருந்து தொடங்கணும்.

கொடுத்தால் ஆறு லிட்டர் பானை கொடுக்கணும், ஒன்றரைக் கிலோ கோழி முழுசாக உள்ளே போகும்படி. நம் வீடுகளில் கோழி துண்டாகி, குழம்பில் மூழ்கி, கரண்டி வழியாகத்தான் தட்டுக்கு வருகிறது. லெக் பீஸ் முதல் பந்தியில் ஆம்பளைங்க தட்டுக்கும் பையன் தட்டுக்கும் போய்விடும். சமைத்தவள் கடைசியில் சட்டியைத் துழாவினால் கழுத்தும் முதுகும். முழுக்கோழியைத் தாம்பாளத்தில் நடுவீட்டில் கொண்டுவந்து வைத்தால் ரெண்டு தொடையும் எல்லார் கண்ணிலும் படும். யார் பிய்க்கிறார்கள், யாருக்குக் கொடுக்கிறார்கள் என்று பார்க்கலாம். சமைத்தவளும் கூடவே உட்கார்ந்திருப்பாள், அடுப்பை அணைக்க எழுந்து போக வேண்டியதில்லை.