நைட் ஷிப்ட்காரருக்கு எது காலை?

நாற்பதைத் தாண்டிய ஆண்கள் எடுக்கும் ‘மாஸ்டர் செக்கப்’பில், சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு வரிசையோடு டெஸ்டோஸ்டிரோனும் இப்போது இடம்பிடித்துவிட்டது. டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே வந்தால் கவலை தொற்றிக்கொள்ளும். தீராத அசதி, எதற்கெடுத்தாலும் எரிச்சல், மனைவியிடம் நாட்டமின்மை, புரண்டு புரண்டு படுக்கும் ராத்திரி என எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் கிடைத்துவிட்டதாகத் தோன்றும். அடுத்த பேச்சு ஊசியைப் பற்றித்தான்.

அந்த ரத்தத்தை எத்தனை மணிக்கு எடுத்தார்கள், அதற்கு முந்தின ராத்திரி ஆள் தூங்கினாரா என்ற பேச்சு மட்டும் வராது.

டெஸ்டோஸ்டிரோன் நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. தூங்கத் தொடங்கியதும் ஏறும், விடியலில் உச்சம் தொடும், பகல் போகப் போக இறங்கும். அதனால்தான் வெறும் வயிற்றில், காலை பத்து மணிக்குள், இரண்டு வெவ்வேறு நாட்களில் பரிசோதிக்கச் சொல்கிறார்கள் ஹார்மோன் மருத்துவர்கள். இந்த ஏற்றத்துக்குக் கடிகாரத்தைவிட உறக்கம்தான் முக்கியம். ஸ்வீடன் ஆய்வாளர்கள் இளைஞர்களைப் பகலில் தூங்கவைத்துப் பார்த்து, 2005இல் முடிவை வெளியிட்டார்கள். பகல் தூக்கத்திலும் ஹார்மோன் ஏறியது, விழித்திருக்கையில் இறங்கியது.

கோவைப் பக்கம் இதை ஏட்டுச் செய்தி என்று ஒதுக்க முடியாது. 1888இல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1932இல் பைக்காரா மின்சாரம் நீலகிரியிலிருந்து இறங்கியதும் மில்கள் பெருகின. சங்கு ஊதி ஆள் மாற்றும் மூணு ஷிப்ட் ஊரின் வாழ்க்கை முறையாகவே ஆகிப்போனது. சோமனூர், பல்லடம் தறிகுடோன்களில் ராத்திரியும் தறி ஓடுகிறது. திருப்பூர் பனியன் கம்பெனியில் ஷிப்மென்ட் நெருங்கினால் வேலை ஒன்றரை ஷிப்ட், ரெண்டு ஷிப்ட் என்று நீள்கிறது. நைட் ஷிப்ட் முடித்து, வீட்டுக்குப் போகிற வழியிலேயே லேபில் கையை நீட்டுகிறவருக்கு மணி ஏழு. உடம்பைப் பொறுத்தவரை அவர் இன்னும் தூங்கவே இல்லை. அந்த ரத்தத்தில் அளவு குறைந்திருந்தால், அதை வைத்து ஹார்மோன் குறைபாடு என்று முடிவு கட்டக் கூடாது.

தூக்கக் குறைவு இந்த அளவை எவ்வளவு இறக்கிவிடும்? சிகாகோ பல்கலைக்கழகத்தில் சராசரி 24 வயதுள்ள 10 ஆரோக்கியமான இளைஞர்களை ஒரு வாரம் ராத்திரிக்கு ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள். பகல் நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் சரிந்தது. 2011இல் வெளியான ஆய்வு இது. வயதாவதால் குறைவது ஆண்டுக்கு 1 முதல் 2 சதவீதம்தான். சித்திரை வெயிலில், ஓட்டு வீட்டில், பக்கத்துக் குடோனில் தறி தடதடக்கப் பகலில் கண் மூடுகிறவருக்கு அந்த ஐந்து மணி நேரமாவது சேர்ந்தாற்போல் வாய்க்குமா?

போதுமான நேரம் தூங்கியும் அசதி தீராதவர்கள் உண்டு. அவர்களிடம் விசாரிக்க வேண்டியது குறட்டையை. அவராகச் சொல்ல மாட்டார், கூட வந்த மனைவிதான் சொல்வார்: “கொறட்டை போட்டுட்டே இருப்பாருங்க, திடீர்னு மூச்சே நின்ன மாதிரி ஆயிருமுங்க.” தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுகிறது. மூளை பதறி எழுப்புகிறது. ராத்திரி முழுக்க இப்படியே போனால் உறக்கம் துண்டு துண்டாகிவிடும். உழைக்கும் வயதிலுள்ள இந்தியர்களில் சுமார் 10.4 கோடிப் பேருக்கு இந்த உறக்க மூச்சடைப்பு இருக்கலாம் என்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023இல் கணக்கிட்டார்கள். இதைக் கூட்டும் உடல் பருமன்தான் டெஸ்டோஸ்டிரோனையும் குறைக்கிறது. எனவே ஒரே ஆளிடம் இரண்டும் சேர்ந்தே தென்படும்.

இங்கேதான் ஊசி சிக்கலாகிறது. சிட்னியில் 60 வயது கடந்த ஆண்களுக்கு அதிக அளவில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுப் பார்த்த ஆய்வு 2003இல் வந்தது. தூக்கம் ராத்திரிக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் குறைந்தது, மூச்சடைப்பு கூடியது. 2012இல் வந்த இன்னோர் ஆய்வில், பருமனான ஆண்களுக்கு ஏழாம் வாரத்தில் கூடிய மூச்சுத் தொந்தரவு 18ஆம் வாரத்தில் தணிந்துவிட்டது. ஆனாலும், கடுமையான மூச்சடைப்புக்கு வைத்தியம் பார்க்காமல் இந்தச் சிகிச்சையைத் தொடங்க வேண்டாம் என்கிறது அமெரிக்க எண்டோகிரைன் சொசைட்டியின் 2018 வழிகாட்டுதல்.

மூச்சடைப்புக்கான சீபாப் கருவியை 1981இல் உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் அதே சிட்னியின் காலின் சல்லிவன். முகமூடி வழியாகக் காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கும் கருவி அது. அது டெஸ்டோஸ்டிரோனை உயர்த்துவதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஆனால் பகலில் கண் சொருகுவதும் அசதியும் குறைகின்றன. ஆள் டாக்டரிடம் வந்ததே அதற்காகத்தானே!

உண்மையிலேயே ஊசி வேண்டியவர்கள் இருக்கிறார்கள். பிட்யூட்டரியில் கட்டி வந்தவர், பொன்னுக்கு வீங்கியால் விரை பாதிக்கப்பட்டவர், பிறவியிலேயே கிளைன்ஃபெல்டர் குறை உள்ளவர் ஆகியோருக்கு அது அவசியமாகலாம். வயதோடு அளவு குறைந்தவர்களின் கதை வேறு. 65 வயதைக் கடந்த 790 பேரிடம் ஓராண்டு நடந்து 2016இல் வெளியான அமெரிக்க ஆய்வில் பாலுறவு நாட்டம் ஓரளவு கூடியது. அசதியில் சொல்லும்படியான மாற்றம் இல்லை.

குழந்தைக்குக் காத்திருக்கும் முப்பது வயதுக்காரர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஹார்மோன் வெளியிலிருந்து வந்தால் விரைக்கு மூளை அனுப்பும் கட்டளை நின்றுவிடும், விந்தணு உற்பத்தியும் அடங்கும். ஊசியை நிறுத்தினாலும் பழைய நிலைக்குத் திரும்பப் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். அதனால் ஊசியைப் பற்றி யோசிக்கும் முன், நைட் ஷிப்ட் இல்லாத வாரத்தில் நாலு நாள் நன்றாகத் தூங்கி, காலையில் மறுபடி ரத்தம் கொடுத்து, மனைவியையும் கூட்டிக்கொண்டு போனால், முதல் தாளுக்கும் இரண்டாம் தாளுக்கும் உள்ள வித்தியாசமே டாக்டருக்குப் பாதி விவரத்தைச் சொல்லிவிடும். குறட்டை விவரத்தை மனைவி சொல்வார்.