பழைய கணிப்பேடுகளைக் கழித்துவிடலாமா?



உம்பாயைச் சேர்ந்த தந்தை ஒருவர் அண்மையில் என்னிடம், "ஐயா, துணி தைக்கப் பல்கலைக்கழகம் எதற்கு?" என்று கேட்டார். எஸ்.பி.எம். முடித்த அவருடைய மகள் ஆடை வடிவமைப்புப் பயில விரும்புகிறாள்.

தையலை வீட்டிலிருந்தே கற்கலாம். ஆனால், ஓரிரு ஆண்டுகளுக்குப் பின் மக்கள் எந்த வண்ணத்தை, எந்தத் துணியை விரும்புவர் என்று கணிப்பது தனிக் கல்வி. அதற்கு நல்ல நூலகம் தேவை என்றேன்.

ஆடைப் போக்குக் கணிப்பேடுகள் வண்ண அட்டைகளும் துணி மாதிரிகளும் ஒட்டப்பெற்றவை, விலை மிகுந்தவை. எவரேனும் ஒரு துண்டைக் கிழித்தெடுத்தால் ஏடே பயனற்றுப் போகும். எனவே இவற்றை நூலகத்திலேயே வைத்துப் பார்க்கச் செய்வது முறை. நம் நாட்டு ஈரக்காற்றில் துணி பூஞ்சணம் பிடிக்காமல் காப்பதும் நூலகர் பொறுப்பு.

இப்பொழுது இணையச் சேவைகளும் உள்ளன. 1998இல் லண்டனில் தொடங்கிய டபிள்யூ.ஜி.எஸ்.என். அவற்றுள் பெயர் பெற்றது. ஆனால் இத்தகைய சேவைகளில் சந்தா நின்றால் வாயிலும் மூடிக்கொள்ளும். ஆண்டுதோறும் பணம் கட்டிய நூலகத்தின் கையில் ஒன்றும் மிஞ்சாது. அச்சேடோ அலமாரியில் நிற்கும்.

"பருவம் முடிந்த கணிப்பு எதற்கு? கழித்துவிடலாமே" என்பார் உளர். நான் இதனை ஏற்கவில்லை. காலம் கடந்த கணிப்பு வரலாற்றுச் சான்றாகிறது. 2000ஆம் ஆண்டின் வண்ணமாகச் செருலியன் நீலத்தைப் பான்டோன் நிறுவனம் அறிவித்தது. அக்காலத் தீபாவளிப் படங்களில் அந்நீலம் தென்படுகிறதா? இப்படி ஒப்பிட்டுப் பார்க்கும் மாணவரே, கணிப்பு எங்கே பலித்தது, எங்கே பிழைத்தது என்று கற்பார். ஆகவே ஆண்டுக்கு ஓர் அச்சேடாவது காக்கப்பட வேண்டும். ஆண்டும் பருவமும் நூற்பட்டியலில் குறிக்கப்பட வேண்டும்.

யாருடைய கணிப்பு என்பதும் முக்கியம். வெளிநாட்டுக் கணிப்புகளையே நம்பியிருந்த இந்தியாவில், தேசிய ஆடை வடிவமைப்புக் கழகமான நிஃப்ட், 2018இல் 'விஷன்நெக்ஸ்ட்' என்னும் முயற்சியைத் தொடங்கியது. அதன் ஆய்வுக்கூடம் ஒன்று சென்னையில் உள்ளது. செயற்கை நுண்ணறிவின் துணையோடு இந்திய உடைகளை ஆராய்ந்து, 2024 செப்டம்பரில் 'பரிதி' என்னும் கணிப்பு நூலும் இணையத்தளமும் வெளியிடப்பட்டன.

நம் மலாக்காத் தமிழர் உடுத்துவதை யார் பதிவு செய்வார்? பெண்டகாரா சாலைத் துணிக்கடைகளில் இவ்வாண்டு நாம் தேடி வாங்கும் வண்ணத்தை லண்டனும் தில்லியும் எழுதி வைக்கும் என்று காத்திருக்கலாகாது. தீபாவளி விடுமுறை முடிந்ததும் மாணவர்கள் தம் குடும்பத்தார் உடுத்திய ஆடையின் வண்ணம், துணிவகை, வாங்கிய ஊர் ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதட்டும். தைத்து எஞ்சிய துண்டுத் துணி இருந்தால் ஒட்டட்டும். ஆண்டுக்கு ஒரு கோப்பு போதும். பத்தாண்டு சென்றால், எந்தப் பல்கலைக்கழக நூலகமும் கேட்டு வாங்கிக்கொள்ளும் தொகுப்பாக அது வளர்ந்திருக்கும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையை இத்துறைக்கு அனுப்புமுன் அக்கல்லூரியின் நூலகத்தையும் சென்று பாருங்கள். "பத்தாண்டுக்கு முந்தைய கணிப்பேடு உள்ளதா?" என்று கேளுங்கள். கட்டடத்தின் பளபளப்பைவிட அதற்குக் கிடைக்கும் விடை, அங்குக் கற்பித்தல் எத்தகையது என்பதைத் தெளிவாகச் சொல்லும்.

அந்தத் தந்தையிடமும் இதையே சொல்லியிருக்கிறேன்.