வானுக்கு இரண்டாவது பற்றரி



நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் சீசன் தொடங்கிவிட்டால், பின் சீற்றைக் கழற்றிப் படுக்கை போட்ட வான்களை அங்கங்கே காணலாம். சிலர் வெளிநாட்டுக்காரருக்கு வாடகைக்கு விடுகிறார்கள். ஓகஸ்ட் மடுத் திருவிழாவுக்குக் குடும்பமாகப் போய் இரண்டு இரவு வானிலேயே தங்குகிற நம்மவர்களும் இருக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: லைற், ஃபான், சின்ன பிரிஜ் போட எந்த பற்றரி வாங்கலாம்?

கடைக்குப் போகமுன் ஒரு கடதாசியை எடுங்கள். சின்ன 12 வோல்ற் பிரிஜ் நம் ஊர் வெக்கையில் நாளுக்கு 400 முதல் 500 வோற் மணி வரை எடுக்கும். 20 வோற் ஃபான் இரவு முழுக்க எட்டு மணி நேரம் ஓடினால் 160. லைற்றும் போன் சார்ஜும் சேர்த்தால் 700-ஐத் தொடும்.

100 அம்பியர் மணி பற்றரியில் இருப்பது 1,200 வோற் மணி. தாராளம் என்று தோன்றுகிறதல்லவா? ஆனால் ஈய-அமில பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் கரைந்துபோகும். ஆகவே கைக்கு வருவது 600தான். விடியமுன் பிரிஜ் நின்று, வாங்கி வைத்த மீன் பழுதாகும். லித்தியம் அயர்ன் பொஸ்பேட் பற்றரியில் 1,000 வரை பயமில்லாமல் எடுக்கலாம். ஈயம் 30 கிலோ அளவில் இருந்தால் இது 12 கிலோ.

விலை கூடத்தான். அதனால் எல்லாருக்கும் லித்தியம் என்று சொல்லமாட்டேன். வருடத்தில் ஒன்றிரண்டு யாத்திரை மட்டும் போகிற குடும்பத்துக்கு பிரிஜ் எதற்கு? ஐஸ் பெட்டி போதும். லைற்றுக்கும் ஃபானுக்கும் சீல் பண்ணிய டீப் சைக்கிள் பற்றரி காணும். சீசன் முழுக்க வானை ஓட்டிப் பிழைக்கிறவருக்கு லித்தியம்தான் கட்டும். ஆனால் மலிவு என்று எஞ்சின் ஸ்டார்ட் பண்ணும் பற்றரியையே இன்னொன்று வாங்கிப் போடாதீர்கள். அது ஒரு நொடி பலமாக இழுப்பதற்குச் செய்தது. இரவிரவாக வடிய விட்டால் சீக்கிரமே படுத்துவிடும்.

வெளிநாட்டு ஆலோசனைகளில் பாதி, உறைகிற குளிரைப் பற்றியது. திருகோணமலையில் நமக்கு எதிரி வெக்கையும் உப்புக் காற்றும். 25 பாகைக்கு மேலே ஒவ்வொரு 10 பாகைக்கும் ஈய பற்றரியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. எஞ்சின் சூடு படாத இடம் பாருங்கள். தண்ணீர் ஊற்றும் பற்றரி என்றால் படுக்கைக்குக் கீழே வேண்டவே வேண்டாம். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், அதன் மேலே பிள்ளைகள் படுத்திருப்பார்கள்.

கடற்கரையில் நிற்கும் வானின் பற்றரி மூடியைத் திறந்து பாருங்கள். முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பொருக்குக் கட்டியிருக்கும். வயரைக் கழற்றி, அப்பச் சோடா கரைத்த தண்ணீரால் பழைய பல் துலக்கும் பிரஷ் கொண்டு தேய்த்து, காயவைத்து, வாஸ்லின் பூசினால் போதும்.

இவ்வளவு ஏன் எழுதுகிறேன்? அந்த வான் பெரும்பாலான நாட்களில் உங்கள் வளவில்தானே நிற்கிறது? 2020 டிசம்பர் 2-ஆம் திகதி இரவு புரேவிப் புயல் நம் மாவட்டத்தில்தான் கரை ஏறியது. 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு 13 மணி நேரத்துக்குப் போனது. 2025 பெப்ரவரி 9-ஆம் திகதி நாடு முழுக்கவே இருண்டது. சார்ஜ் ஏறிய பற்றரி முற்றத்தில் இருந்தால் அம்மம்மாவின் இன்சுலினுக்குக் குளிர் கிடைக்கும், கைக்குழந்தைக்குக் காற்று கிடைக்கும்.

2022-ல் டீசலுக்கும் வரிசையில் நின்றோம். எஞ்சினை ஓட்டி சார்ஜ் ஏற்றலாம் என்பது அப்போது வெறும் பேச்சு. ஆகவே கூரையில் 200 வோற் சோலர் தகடு ஒன்று போட்டுவிடுங்கள். நல்ல வெயில் நாளில் 700, 800 வோற் மணி தரும். கார்த்திகை, மார்கழி மழையில் அதை நம்பமுடியாது. அந்த மாதங்களில் ஓட்டத்தில்தான் ஏற்றவேண்டும்.

அப்படி ஏற்றும்போது லித்தியத்தை நேரே எஞ்சினின் டைனமோவில் கொழுவாதீர்கள். அது இழுக்கிற இழுவையில் டைனமோ சூடேறிக் கருகிவிடலாம். நடுவில் டிசி-டிசி சார்ஜர் ஒன்று வேண்டும். பிளஸ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் பியூஸும் வேண்டும். பணம் முழுவதையும் பற்றரிக்கே கொட்டிவிட்டு, இந்த இரண்டையும் பிறகு பார்ப்போம் என்று விடாதீர்கள்.