பாய் போகிறது, நெய்தவர் போவதில்லை

லண்டன் ஹைட் பூங்காவில் 1851 மே 1ஆம் தேதி, கண்ணாடியும் இரும்பும் கொண்டு எழுப்பிய மாளிகையில் உலகின் முதல் பெரும் பொருட்காட்சி திறக்கப்பட்டது. அக்டோபரில் அது மூடப்படுவதற்குள் அறுபது லட்சம் பேர் வந்து பார்த்தார்கள். கூட்டத்தை மிகவும் ஈர்த்த இடங்களில் இந்தியக் கூடமும் ஒன்று. அதை ஏற்பாடு செய்தது கிழக்கிந்தியக் கம்பெனி. ஜான் ஃபோர்ப்ஸ் ராய்ல் என்ற மருத்துவரும் தாவரவியலாளருமானவர் பொறுப்பில் இருந்தார். கல்கத்தா, பம்பாய், சென்னை மாகாணங்களில் குழுக்கள் அமைத்து, அவற்றின் மூலம் உள்ளூர்களிலிருந்து பொருள்களைத் திரட்டினார்கள். எதை அனுப்புவது, எந்தப் பிரிவில் வைப்பது, சீட்டில் என்ன எழுதுவது என்பதையெல்லாம் முடிவு செய்தவர்கள் அதிகாரிகள். செய்தவரிடம் யாரும் கேட்கவில்லை.

பொருட்காட்சியின் பிரிவுகளில் கச்சாப் பொருளுக்கே முதலிடம். பருத்தி, நார், சாயம், எண்ணெய் வித்து என்று குடியேற்ற நாட்டில் விளைவது எது, அதை எவ்வளவு மலிவாக வாங்கலாம் என்பதை ஆலை முதலாளிக்குக் காட்டுவது நோக்கம். கைவினைப் பொருளுக்குப் பாராட்டும் பதக்கமும் கிடைத்தன. ஆனால் கணக்குப் பார்த்தவர்கள் வேறு இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

இதற்கு ஐயமில்லாத சான்று ஒன்று உண்டு. இந்தியப் பொருள்களுக்கான அதிகாரியாக லண்டனில் இருந்த ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன், 1866இல் இந்தியத் துணிகளின் 700 மாதிரிகளை வெட்டி ஒட்டி 18 தொகுதிகள் தயாரித்தார். மொத்தம் 20 படிகள். அவற்றில் 13 பிரிட்டனுக்கு, 7 இந்தியாவுக்கு. இந்தியர்கள் எந்தக் கரை, எந்த நீளம், எந்த வண்ணம் கேட்கிறார்கள் என்பதை மான்செஸ்டர்க்காரர்கள் உட்கார்ந்த இடத்திலேயே படித்துக்கொள்ளலாம். நெசவாளியின் நுட்பம் அவருடைய போட்டியாளர் கையில் பாடப்புத்தகமாகப் போய்ச் சேர்ந்தது. அந்த நெசவாளிகளில் ஒருவர் பெயரையாவது கேட்டுக் குறித்திருப்பார்களா?

1886இல் லண்டனில் நடந்த குடியேற்ற நாடுகள், இந்தியப் பொருட்காட்சிக்கு ஆள்களையே கொண்டுபோனார்கள். கம்பளம் நெய்தும் மண்பாண்டம் வனைந்தும் காட்டிய முப்பத்து நான்கு கைவினைஞர்களைக் கூட்டம் வியந்து பார்த்தது. அவர்களில் பெரும்பாலோர் ஆக்ரா சிறையில் தொழில் கற்றவர்கள். அழைத்துப் போனவர் அந்தச் சிறையின் கண்காணிப்பாளர். மரபு வழிக் கைவினைஞர்கள் என்று உலகுக்குக் காட்டப்பட்டவர்கள் சிறைக் கைதிகளாக இருந்தார்கள் என்பதை இன்று படிக்கும்போதும் மனம் பொறுக்கவில்லை.

இலங்கை வேறு வழியில் போனது. 1893 சிகாகோ பொருட்காட்சிக்காக அங்கிருந்த தோட்டத் துரைமார்கள், ஏற்றுமதியாகும் தேயிலை மீது ஒரு சிறு வரி போடச் சொல்லி அரசிடம் கேட்டு வாங்கினார்கள். அந்தப் பணத்தில் தனிக் கூடம் கட்டினார்கள். பத்து லட்சம் தேயிலைப் பொட்டலங்கள் அங்கே விற்றதாக இலங்கைத் தேயிலை வரலாறு சொல்கிறது. காப்பி அழிந்து நொடித்த ஒரு தீவு சில ஆண்டுகளில் தேயிலைக்குப் பெயர் போனது இப்படித்தான். தங்கள் பணம், தங்கள் திட்டம் என்பதால் ஆதாயமும் துரைமார்களுக்கே வந்தது. அந்தக் கொழுந்தைக் கிள்ளியவர்கள் திருநெல்வேலி, மதுரை, திருச்சி, சேலம் பக்கங்களிலிருந்து கடல் கடந்து போன தமிழ்க் கூலிகள். சிகாகோ பெருமையில் அவர்களுக்கு ஒரு காசுப் பங்கும் வரவில்லை. ஏற்பாடு யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் பலனும் இருக்கும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த உதாரணமும் சொல்லாது.

இவையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்க முடியாது. தாமிரபரணிக் கரையில் இன்றைக்கும் அதே கேள்வி நிற்கிறது.

நிலாவரை இலையை எடுத்துக்கொள்ளுங்கள். உலக மருந்து வணிகத்தில் அதற்குப் பெயர் 'டின்னவெல்லி சென்னா'. ஐரோப்பிய மருந்து நூல்களிலும் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. திருநெல்வேலி மாவட்டத்தின் பெயர் மருந்துக் கடைகள் வரை போயிருக்கிறது. வானம் பார்த்த நிலத்தில் அதைப் பயிரிடும் விவசாயிக்கு அந்தப் பெயரால் கிடைத்தது என்ன?

பத்தமடைப் பாயின் கதை இன்னும் கூர்மையானது. ஆற்றோரக் கோரையை அறுத்துக் கீறி, காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து எடுத்தால்தான் பட்டுப்பாய்க்கு வேண்டிய மெல்லிய இழை கிடைக்கும். நல்ல பட்டுப்பாயைத் துணிபோல மடித்து வைக்கலாம். ஒன்றை நெய்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். நெய்கிறவர்களில் பெரும்பாலோர் பத்தமடையின் இஸ்லாமியப் பெண்கள். எலிசபெத் மகாராணியின் முடிசூட்டுக்கு 1953இல் தங்கள் ஊர்ப் பாய் பரிசாகப் போனது என்று ஊர்க்காரர்கள் பெருமையோடு சொல்வார்கள். கல்யாணப் பாயில் மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் நெய்தே வரும். நெய்தவர் பெயருக்கு மட்டும் அந்தப் பாயில் இடமில்லை. மகாராணிக்குப் போன பாயை நெய்த கை யாருடையது?

பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. வீரவநல்லூர் செடிபுட்டா சேலைக்கு 2023இல் கிடைத்தது. இதோடு வேலை முடிந்ததாக நினைப்பது தவறு. 1999ஆம் ஆண்டுச் சட்டம் குறியீட்டைச் சங்கத்தின் பெயரில் பதிவதோடு நிற்கவில்லை. பொருளைச் செய்யும் ஒவ்வொருவரும் 'அங்கீகரிக்கப்பட்ட பயனர்' என்று தன் பெயரில் பதிவு செய்துகொள்ளவும் வழி வைத்திருக்கிறது. அந்தப் பதிவேடு சென்னை கிண்டியிலுள்ள புவிசார் குறியீட்டு அலுவலகத்தில்தான் இருக்கிறது. பாய் நெய்யும் பெண்கள் ஒவ்வொருவரையும் அதில் சேர்ப்பதற்கு மாவட்டத் தொழில் மையம் பத்தமடையில் முகாம் போட்டால் போதும். இதற்கு டெல்லிக்கோ துபாய்க்கோ போக வேண்டியதில்லை.

2022 மார்ச் 25 அன்று துபாய் உலகக் கண்காட்சியில் தமிழ்நாட்டு அரங்கை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்தார். தொழில் முதலீடு தேடும் பயணம் அது, நல்ல முயற்சிதான். ஆனால் பொதுவாக இப்படிப்பட்ட அரங்குகளில் கைவினைப் பொருள் அலங்காரத்துக்கு நிற்கிறது, பேச்சுவார்த்தை பெரிய ஆலைகளோடு நடக்கிறது. ஒரு மாவட்டத்தின் தொழிலாளிகள் தாங்களே கூடி, தங்கள் சரக்கோடு போய், தங்கள் விலையைச் சொல்லும் நிலை இன்னும் வரவில்லை.

வெளிநாட்டார் ஆயிரக்கணக்கில் பாய் கேட்டால் எப்படிக் கொடுப்பீர்கள் என்று அதிகாரிகள் கேட்பது நியாயமே. பட்டுப்பாய் ஆலைச் சரக்கு அல்ல. ஆகவே ஆயிரம் பாய்க்கு ஒப்பந்தம் போடக்கூடாது. பெயர் நெய்த கல்யாணப் பாயை முன்பணம் வாங்கி, காலம் சொல்லி, நல்ல விலைக்கு நெய்து கொடுக்கலாம். வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் நெல்லைக்காரர்கள் ஏராளம். முதல் வாடிக்கையாளர்கள் அவர்களே. கோரை வேண்டும் என்றால் ஆறும் வேண்டும். தாமிரபரணியில் சாக்கடை கலப்பதை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கண்டித்த பிறகும் அது நிற்கவில்லை. சாக்கடை கலந்த தண்ணீரில் ஊறிய கோரையை எந்த அரங்கில் வைத்தாலும் பெருமை வராது.

இந்த மண்ணுக்குச் சொந்தமாக ஏற்பாடு செய்யத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. 1906இல் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம் பிள்ளை பங்கு திரட்டிச் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது, கொழும்புக் கடல் வழியில் வெள்ளைக்காரக் கம்பெனியின் ஏகபோகத்தை எதிர்த்து நின்றவர்கள் இந்தப் பகுதி மக்கள்.

ரியாத் உலகக் கண்காட்சி 2030 அக்டோபரில் தொடங்குகிறது. மாவட்ட நிர்வாகம், கைவினைப் பொருள் விற்கும் அரசின் பூம்புகார் நிறுவனம், நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் மூன்றும் இப்போதே உட்கார்ந்து பேச வேண்டும். பத்தமடைப் பாயும் வீரவநல்லூர்ச் சேலையும் அம்பாசமுத்திரம் மரச் சொப்புச் சாமானும் காருக்குறிச்சி மண்பாண்டமும் ஒரே திருநெல்வேலி அரங்கில் இருக்கட்டும். சீட்டில் ஊர் பெயருக்குக் கீழே செய்தவர் பெயர் இருக்கட்டும். அவர்களில் சிலரேனும் நாள் சம்பளத்தோடு, பயணச் செலவோடு அங்கே வந்து நிற்கட்டும். வரும் ஆர்டர் நேராகச் சங்கத்தின் கணக்குக்குப் போகட்டும். இதைச் செய்வதாக மாவட்ட ஆட்சியர் எழுத்தில் அறிவிக்க வேண்டும்.